மதாம் பள்ளியின் மீன் கடை

சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுக்காதீர்கள், விளையாட்டின் வழியாகவே சொல்லிக்கொடுங்கள் என்று இப்போது மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளியிலும் அந்தப் பேச்சு வந்து, இளம் ஆசிரியைகள் இரண்டு பேர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"டீச்சர், பசங்கள எப்படி விளையாட விடறது? ட்ரெயினிங்ல சொன்னாங்க, ஆனா சரியாப் புரியல" என்றாள் ஒருத்தி.

பிள்ளைகளை விளையாட விடுவதற்கு வழி கேட்டு என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பள்ளியில் புதிதாக மரக்கட்டைகள் வாங்கியிருக்கிறார்களாம். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பீரோவுலதான் டீச்சர். பசங்க எடுத்தா அழுக்காயிடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். பிறகு அவர்களுக்குத் தேசிங்கு என்ற பையனின் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்தபின், எழுதியும் வைக்கலாமே என்று தோன்றியது.

நர்சரி ஆசிரியைப் பயிற்சி முடித்து நான் வேலைக்கு வந்தபோது எனக்கு நிறையப் பாட்டு தெரியும். சார்ட் பேப்பரில் யானை வரையத் தெரியும். தேர்வுக்காகப் படித்த வரலாறும் தெரியும். ஜெர்மனியில் ஒருவர் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்குத் 'தோட்டம்' என்று பெயர் வைத்தது, பந்தும் கனசதுரமும் உருளையும்தான் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் என்று சொன்னது. இத்தாலியில் ஒரு டாக்டரம்மா ஏழைகள் வாழ்ந்த தெருவில் பள்ளி திறந்து, பிள்ளையின் உயரத்துக்கு நாற்காலி செய்தது, பிறகு போர்க்காலத்தில் நம் சென்னையிலேயே தங்கிப் பலருக்குப் பயிற்சி கொடுத்தது. குஜராத்தில் ஒருவர் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கதை சொன்னது. எல்லாவற்றையும் அப்படியே மனப்பாடம் செய்து எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். பிள்ளையைப் பார்க்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

அதை மதாம் சொல்லித்தந்தார்கள். மதாமுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவர்கள் மதாம்தான். அவர்களுடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா, அதாவது சிப்பாய். மதாம் பிரான்சுக்குப் போய் அங்கே சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்து தன் சொந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பள்ளி நடத்தினார்கள். பருத்திப் புடவை கட்டி, காலில் கான்வாஸ் ஷூ போட்டிருப்பார்கள். தரையில் உட்காரவும் வேண்டும், ஓடவும் வேண்டும், அதற்குத்தான் என்பார்கள். குரலை உயர்த்தவே மாட்டார்கள். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், பிரெஞ்சு கூடும். நான் அவசரப்படும்போதெல்லாம் "தூஸ்மான், தூஸ்மான்" என்பார்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். என் பெயரே அதுதானோ என்று சில பெற்றோர் நினைத்ததுண்டு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் பாட அனுமதியில்லை. பேசவும் அனுமதியில்லை. ஒரு மூலையில் குட்டி நாற்காலியில், முழங்கால் தாடையில் இடிக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். "கை முன்னாடி இருந்தா எதையாவது சரி பண்ணப் போயிடுவே" என்பது மதாமின் விளக்கம். பிள்ளையிடம் பேச வேண்டுமென்றால் மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகக் கண் வைத்துப் பேச வேண்டும். ஒரு பிள்ளை மும்முரமாக எதையாவது செய்துகொண்டிருந்தால் கூப்பிடக் கூடாது. பாராட்டுவதற்காகக்கூடக் கூப்பிடக் கூடாது. கூஜாவிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றும்போது சிந்திவிட்டால், துணி இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். நாம் துடைக்கக் கூடாது. எனக்கோ துடைக்காமல் இருந்தால் கை அரிக்கும்.

இப்படி நான் ஓரளவு பழகியிருந்த சமயத்தில்தான் தேசிங்கு வந்தான். வைத்திக்குப்பத்துப் பையன், நாலு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அஞ்சலைக்குப் பெரிய மார்க்கெட்டில் மீன் கடை. எங்கள் பள்ளியிலிருந்து மார்க்கெட் கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, ஆனால் அஞ்சலை கூப்பிட்டால் கேட்டாலும் கேட்கும். அப்படி ஒரு குரல். மகனைக் கொண்டுவந்து விட்டபோது அவள் சொன்னாள்:

"நாள் பூரா என்கூடவே நிக்கிறான் மதாம். காலு ஐஸ் தண்ணியிலயே ஊறி புண்ணாப் போவுது. இங்க காஞ்ச தரையில கொஞ்ச நேரம் இருந்தான்னா போதும். படிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் விரல் இடுக்குகளைப் பார்த்தேன். வெளுத்து, தோலுரிந்து கிடந்தன.

தேசிங்கு அழவில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தான். ஜன்னல், தோட்டம், தண்ணீர்ப் பானை, கடைசியாகக் கதவின் தாழ்ப்பாள். காலைப் பலகாரம் முடிந்து எல்லோரும் தோட்டத்துக்குப் போகும் நேரத்தில் ஆளைக் காணவில்லை. நான் தெருவில் ஓடி, முனை திரும்புவதற்குள் பிடித்துத் தூக்கி வந்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டினேன். அவன் வேலியில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்தான். வேலியை அடைத்ததும், காய்கறி கொடுக்க வந்தவரின் சைக்கிளோடு ஒட்டிக்கொண்டு, அவர் மகனைப் போல வெளியே போனான். தூக்கி வரும்போது என் தோளில் அவன் விட்ட கூச்சலைக் கேட்டுத் தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது.

"மதாம், இவன வச்சிக்க முடியாது. வெளிய வண்டி வாகனம். ஏதாவது ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லணும்" என்றேன்.

மதாம் யோசித்தார்கள். "நாளைக்கு அவனப் பிடிக்காதே. பின்னாடியே போ. கைக்கு எட்டற தூரத்துல இரு, ஆபத்துன்னா மட்டும் தொடு. மத்தபடி பார்த்துட்டு வா."

மறுநாள் தேசிங்கு வெளியே போனான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு புதுச்சேரித் தெருவில் அவன் பின்னால் நடந்தேன். அவன் ஓடவில்லை, அவசரமாக, ஆனால் நிதானமாக நடந்தான். பெரிய தெரு வந்ததும் நின்றான். தெருவைக் கடக்க நின்றிருந்த யாரோ ஒரு அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாவுக்குத் தெரியக்கூட இல்லை. எதிர்ப்புறம் சேர்ந்ததும் புடவையை விட்டுவிட்டு மேலே நடந்தான்.

மார்க்கெட்டின் மீன் பகுதிக்குள் நுழைந்ததும் அம்மாவின் மடிக்குப் பாய்வான் என்று நினைத்தேன். பாயவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றான், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான், மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டான்.

"வஞ்சிரம், வவ்வா, சங்கரா... வாக்கா, வாக்கா, வந்து பாரு."

நாலு வயது உடம்பிலிருந்து வருகிற குரல் இல்லை அது. இரண்டு பேர் சிரித்துக்கொண்டே நின்று மீனைப் பார்த்தார்கள். அப்புறம் அவன் என் பக்கம் திரும்பினான். ஆசிரியையைக் கண்டு திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"இன்னா வோணும்?" என்றான்.

கொஞ்சம் நெத்திலி வாங்கிக்கொண்டேன்.

ஒரு கையில் நெத்திலிப் பையும் மறு கையில் தேசிங்குமாகத் திரும்பி வந்து மதாம் முன்னால் நின்றேன்.

"என்ன பார்த்தே?"

"மார்க்கெட்டுக்கு ஓடிப்போறான் மதாம்."

"அது நீ நினைச்சது. பார்த்ததைச் சொல்லு."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த அம்மாவின் புடவை, கழற்றி வைத்த செருப்பு, கூவியது. மதாம் கேட்டுவிட்டு, "ஓடிப்போறவன் ரோட்டுல நின்னு கடப்பானா? அவன் ஓடிப்போகல. வேலைக்குப் போறான்" என்றார்கள்.

பிறகு தோட்டத்துக்குப் போய் அவன் முன்னால் மண்டியிட்டார்கள்.

"தேசிங்கு, உங்க கடையில உனக்கு என்ன வேலை?"

"கூவறது."

"நீ போகலன்னா?"

அவன் கொஞ்ச நேரம் மதாமின் ஷூ லேசைப் பார்த்தான். "அம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கும். அப்புறம் யாரும் வர மாட்டாங்க."

அன்று சாயங்காலம் மதாமும் நானும் அஞ்சலையைப் பார்க்கப் போனோம். மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிச் சில நாள் பேச்சே வராமல் போயிற்றாம். அப்போது இவன் விளையாட்டாகக் கூவ ஆரம்பித்திருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், மீனும் விற்றது. அதிலிருந்து கடையைத் தூக்கி நிறுத்துவது தான்தான் என்று முடிவுகட்டிவிட்டான்.

"இப்ப என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல மதாம். அவன் கூவித்தான் விக்கணும்னு இல்ல. பக்கத்துல நின்னா எனக்கு ஒரு தெம்பு, அதான் விட்டுட்டேன்" என்றாள் அஞ்சலை. பக்கத்தில் நின்ற மகனிடம், "டேய், நான் பாத்துக்கறேன், நீ இஸ்கூலுக்குப் போ" என்றும் சொன்னாள்.

தேசிங்கு அதை நம்பவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனான், நானும் பின்னால் போனேன். வீட்டில் நெத்திலி சேர்ந்துகொண்டே போயிற்று.

"பொம்மை மீன் வாங்கிப் போடலாமா மதாம்? இங்கயே கடை விளையாட்டு விளையாடட்டும்" என்று கேட்டேன். என் பயிற்சியில் கற்ற ஒரே நல்ல யோசனை என்று எனக்குப் பெருமை.

"கடை, சரி. பிளாஸ்டிக் மீன் வேண்டாம். மீன் மாதிரியே இருந்தா அது மீனா மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஜெர்மன்காரர் சொன்ன அந்தக் கனசதுரங்களும் உருளைகளும் இருந்த பெட்டியைத் தேசிங்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். கூடவே ஒரு சாக்கு, ஒரு சின்னத் தராசு.

தேசிங்கு ஒரு கட்டையை எடுத்துப் பார்த்தான். "இது மீன் இல்ல."

"இல்லதான்" என்று சொல்லிவிட்டு மதாம் எழுந்து போய்விட்டார்கள். எனக்குத் தவிப்பாக இருந்தது. கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

அவன் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். அப்புறம் சாக்கை விரித்தான். கூஜாவிலிருந்து தண்ணீர் எடுத்துத் தெளித்தான். கட்டைகளை அடுக்க ஆரம்பித்தான். நீளமானவை முன்னால், உருளைகள் நடுவில், குட்டிக் கனசதுரங்கள் ஓரத்தில் குவியலாக. அடுக்கிவிட்டு எட்ட நின்று பார்த்து, ஒன்றை மட்டும் திருப்பி வைத்தான். பிறகு மூச்சை இழுத்தான். "வஞ்சிரம், வவ்வா, சங்கரா..." என்று அந்தப் பழைய பிரெஞ்சு வீட்டின் உத்தரம் அதிர்ந்தது.

முதலில் வந்து நின்றவள் நித்யா. வக்கீல் சிவப்பிரகாசத்தின் மகள். சுத்த சைவக் குடும்பம். நித்யா பள்ளிக்கு வந்து மாதக்கணக்காகியும் தலையாட்டலிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேளு. கேட்டாதான் குடுப்பேன்" என்றான் தேசிங்கு.

அவள் வாய்க்குள்ளேயே என்னவோ சொன்னாள்.

"கேக்கல."

"அந்த நீட்டு" என்றாள் நித்யா. கடையில் முதல் வியாபாரம் அதுதான். விலை இரண்டு புளியங்கொட்டை.

கொஞ்ச நேரத்தில் வரிசை நின்றது. தோட்டத்துக்குப் போகும் நேரம் வந்ததும் தேசிங்கு பழக்கப்படி எழுந்து கதவு வரைக்கும் போனான். திரும்பி வரிசையைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். மறுபடி வரிசையைப் பார்த்தான். வந்து உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு என் வீட்டுக்கு நெத்திலி வரவில்லை.

கடை வளர்ந்தது. குட்டி மீன் எத்தனை வைத்தால் பெரிய மீனுக்குச் சமம் என்று தராசில் வைத்துப் பார்த்தார்கள். வரிசையில் இடித்தவனுக்கு மீன் கிடையாது என்று அவர்களே சட்டம் போட்டார்கள். வாரக் கடைசியில் நித்யாவும் கூவினாள். நான் மதாமைப் பார்த்தேன். மதாம் வாயில் விரலை வைத்தார்கள். பாராட்டிக் கெடுத்துவிடாதே என்று அர்த்தம்.

வில்லங்கம் திங்கட்கிழமை வந்தது, வக்கீல் சிவப்பிரகாசத்தின் உருவில். அவருக்குப் பின்னால் இன்னும் சில பெற்றோர். அவர் போனால் பாதிப் பள்ளி போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"மதாம், கேஸ் விஷயமா வந்த கட்சிக்காரங்க வீட்டுல உக்காந்திருக்காங்க. என் பொண்ணு சட்டப் புத்தகத்தையெல்லாம் தரையில பரப்பி வச்சிக்கிட்டு வஞ்சிரம் வஞ்சிரம்னு கத்தறா. ஒருத்தர்கிட்ட அட்டையைத் திறந்து காட்டி, செவுளத் தூக்கிப் பாரு சார், ஃப்ரெஷ்ஷுங்கறா. எங்க வீட்டுல முட்டைகூட சேர்க்கறதில்ல. இதுக்கா அனுப்பினேன்?"

பின்னால் நின்ற ஒருவர், அந்த மீன்காரப் பையனை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

மதாமின் குரல் இறங்கியது. நான் பயந்துவிட்டேன். "அந்தப் பையன் இங்கதான் இருப்பான். அதுல பேச்சு இல்ல" என்று அவருக்குச் சொல்லிவிட்டு வக்கீலிடம் திரும்பினார்கள். "சார், இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தை ஜெர்மனியில முதல்ல ஆரம்பிச்சாரே, அவர் பள்ளிக்கூடத்தையெல்லாம் அவங்க ஊர் அரசாங்கமே தடை பண்ணிச்சு. பிள்ளைங்க விளையாடினா ராஜ்யத்துக்கு ஆபத்துன்னு பயந்தாங்க. அதைவிட நீங்க நல்லவர். கேள்வியாவது கேக்கறீங்க. ஒரு காலை நேரம் வந்து உக்காந்து பாருங்க. அப்புறமும் வேண்டாம்னா கூட்டிட்டுப் போங்க."

இரண்டு குடும்பத்தார் அன்றே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் போனது போனதுதான், திரும்பி வரவில்லை. வக்கீல் மட்டும் மறுநாள் வந்தார். கோர்ட்டுக்குப் போகும் வெள்ளைச் சட்டையோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினார். பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் பொறுக்க முடியாமல் எழுந்து நேராகக் கடைக்கே போனார். "அது என்னப்பா விலை?" என்று ஓர் உருளையைக் காட்டினார்.

தேசிங்கு அவரை ஏற இறங்கப் பார்த்தான். "வரிசையில வா சார்."

வக்கீல் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் மூன்று வயதுக்காரி ஒருத்தி ரொம்ப நேரம் பேரம் பேசினாள். அவர் முறை வந்தபோது கல்லாவில் நித்யா இருந்தாள்.

"பத்து" என்றாள்.

"அவளுக்கு ரெண்டுதானே குடுத்தே?"

"அவ சின்னப் பிள்ள. நீ பெரிய ஆளு. உனக்குப் பத்து."

"கொஞ்சம் கொறைச்சுக்கோம்மா."

"கட்டுப்படி ஆவாது சார்" என்றாள் நித்யா, கணீரென்று, முகத்துக்கு நேராக.

வக்கீல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் தன்னிடமே நேருக்கு நேர் இப்படி விட்டுக்கொடுக்காமல் பேசி அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பிறகு புளியங்கொட்டை எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டார். போகும்போது மதாமிடம், "வீட்டுல மட்டும் காய்கறிக் கடை வைக்கச் சொல்லுங்க மதாம்" என்றார். அந்த உருளையைத் தாளில் சுற்றித்தான் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எங்கள் பெட்டியில் ஓர் உருளை குறைந்தது.

தேசிங்கின் விரல் இடுக்குப் புண்கள் காய்ந்தன. பல நாளாக அவன் தெருப் பக்கமே போகவில்லை.

அப்புறம் ஒரு நாள், முற்பகல் நேரத்தில், அஞ்சலை கதவருகே நின்றாள். இடுப்பில் காலிக் கூடை, நனைந்த புடவை. ஏதாவது நடந்துவிட்டதோ என்று பதறிப் போனேன்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள். அவளுக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது.

தேசிங்கு கடையிலிருந்தே நிமிர்ந்து பார்த்தான். "இன்னாம்மா?"

"நீ வரலியேடா. அதான்."

"தொண்ட கட்டிக்கிச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்குது."

"அப்ப நீ போம்மா. எனக்கு இங்க வேல இருக்குது. சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினான்.

அஞ்சலை சிரித்தாள். மார்க்கெட்டே கேட்கும்படி சத்தம் போடுகிறவள், அப்போது சத்தமே இல்லாமல் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். போகவும் இல்லை. நான் ஆறுதல் சொல்லப் போனேன். மதாம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

புதிதாகச் சேர்ந்து அழும் பிள்ளைக்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. இழுத்து உள்ளே போடக் கூடாது. ஏமாற்றி அனுப்பவும் கூடாது. கதவோரமாக, தனக்கு வேண்டியவர்கள் கண்ணில் படும் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். தானாக எழுந்திருக்கும் வரை தொந்தரவு செய்யக் கூடாது. மதாம் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டார்கள்.

"எம்மா நேரம் ஒக்காரலாம் மதாம்?" என்று கேட்டாள் அஞ்சலை.

"உனக்குப் போதும்னு தோணற வரைக்கும்."

அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகன் கூவுவதைப் பார்த்தாள். ஒரு தடவை, அவன் நிறுவையில் ஏமாற்றியபோது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து போனாள். மறுநாளும் வந்தாள், அவ்வளவு நேரம் உட்காரவில்லை. அதற்கடுத்த நாட்களில் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அப்புறம் ஒரு நாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

நான் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, மதாம் அந்த நாற்காலியை எடுத்து உள்ளே வைத்தார்கள்.

"அவ பழகிட்டா" என்றார்கள்.